நீலப் படலம் நீக்கிய படலம்

வாழ்க அவன் நகம்! ஒட்டிக் கிடப்பது எதுவாயினும் ஓரம் கண்டு உரித்தெடுக்கும் உரவோன். வலக்கைப் பெருவிரல் நகத்தை வாளென வளர்த்து வாரம் தவறாது அரத்தால் ராவித் தீட்டும் திறலோன். குடிநீர் வாரியக் கிளை அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், மின்விசிறிக் காற்று எட்டாத மூலையில், தபால் பிரிவு என்னும் தனியரசைக் குடையும் கொடியும் இன்றி இருபத்திரண்டு ஆண்டுகளாக ஆண்டுவரும் எழுத்தர் குலத் தோன்றல். உற்றாரும் மற்றாரும் 'தபால் சார்' என்று விளிக்கும் பெருந்தகை! அவன் ஏழு மாதம் நடத்திய போரை, மேசைகள் கண்டபடியும் நாற்காலிகள் நடுங்கியபடியும் கூறத் துணிகின்றோம். பிழையிருப்பின் பொறுத்தருள்க. இத்தகைய போரை இதற்குமுன் எவரும் பாடியதில்லை. பாடுகிற அளவுக்கு எவரும் வேலையற்று இருந்ததில்லை.

மண்ணாசை கொண்டு மாண்ட மன்னர் பலர். பொன்னாசை கொண்டு புதையுண்ட வணிகர் பலர். நம் தலைவனின் ஆசையோ இவ்விரண்டினும் மெலியது. தடிமனில் சொன்னால், வெங்காயத்தோலினும் மெலியது. புதுப் பொருட்களின் முகத்தில் கடையிலிருந்தே ஒட்டிவரும் பிளாஸ்டிக் தாள் உளதன்றோ, அதை உரிப்பதே அவன் உயிர்மூச்சு. முதலில் ஓரத்தை நகத்தால் நெம்புதல். பின் இரு விரலால் பற்றுதல். பின் மூச்சையடக்கி, சாய்வாக, கிழியாமல், நிறுத்தாமல், 'சர்ர்ர்' என்னும் அந்தத் தேனொலி செவி வழி புகுந்து முதுகுத்தண்டில் இறங்க, முழுத்தாளும் ஒரே இழுப்பில் கையோடு வருதல். நாள் முழுதும் உறைகளுக்குப் பசை தடவி ஒட்டுவதையே தொழிலாகக் கொண்ட ஒருவனுக்கு ஒட்டியதைப் பிரிப்பதில் எத்தகைய பேரின்பம் இருக்கும் என்பதை, நாவால் தபால்தலை நனைத்தவரே அறிவர்.

அவன் மனையாளும் இதனை அறிவாள். ஒருமுறை புது மைக்ரோவேவ் அடுப்பு வந்தபோது, அவன் வீடு திரும்புமுன் அவளே அதன் தாளை உரித்தெறிந்துவிட்டாள். இரண்டு நாள் அவன் பேசவில்லை. மூன்றாம் நாள், குப்பைக்கூடையைத் துழாவி அந்தத் தாளை எடுத்துவந்து, துடைத்து, மறுபடி ஒட்டிக் கொடுத்தாள். அவனும் உரித்தான். ஆயினும் இருவருக்கும் தெரியும், அது உரிப்பு அன்று; உரிப்பின் நடிப்பு. அன்று முதல் அவ்வீட்டில் எப்பொருள் வரினும் அவன் வரும்வரை அது முகத்திரையோடு காத்திருக்கும்.

இஃது இவ்வாறிருக்க, அலுவலகத்தில் பதினோராண்டு இருமி இருமி நகலெடுத்த பழைய இயந்திரம் ஒருநாள் புகை கக்கி உயிர் துறந்தது. புதியது வந்தது. நால்வர் தோள்கொடுத்துச் சுமந்துவர, போருக்குப் புறப்பட்ட களிறுபோல் அது படியேறியபோது, அதன் நெற்றியில் பட்டம் கட்டியதெனத் தொடுதிரை ஒன்று மின்னியது. அத்திரையின் மேல், இரண்டு உள்ளங்கை அகலத்தில், ஒரு குமிழும் ஒரு சுருக்கமும் இல்லாது, முன்மாலை வானத்தை அரிந்து ஒட்டியதொப்ப, நீலத்தாள்! தபால் சாரின் பெருவிரல் தானே துடித்தது.

இயந்திரம் பூட்ட வந்த மெக்கானிக், வேலை முடிந்ததும் அத்தாளின் ஓரத்தில் அலட்சியமாகக் கைவைத்தான்.

"விடுங்க, அத நான் பாத்துக்கறேன்" என்றான் நம் தலைவன்.

அந்தோ, அக்கணமே உரித்திருக்கலாகாதா? வீரர்களை வீழ்த்துவது பகைவன் அன்று, அவர்தம் சடங்குகளே. அழுக்கு விரலால் உரிப்பது அவன் மரபன்று. பசை படிந்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவி வருவோம் என்று குழாயடிக்குப் போனான். நான்கு நிமிடம். கைக்குட்டையில் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது, இயந்திரத்தின் முன் மதில்போல் நின்றிருந்தான் தலைமை எழுத்தன்.

அவன் யாரெனில், உறைகளின் காவலன். 'கவர் சார்' என்று அலுவலகம் முதுகுக்குப்பின் போற்றும் மாற்றான். அவன் நாற்காலி ஒன்பதாண்டாகியும் வாங்கிய நாளின் பாலிதீன் சட்டையைக் கழற்றியதில்லை; அவன் எழுந்தாலும் அமர்ந்தாலும் சருகுக்காட்டில் பன்றி புகுந்தாற்போல் ஒலி எழும். அவன் கண்ணாடிக்கு ஒரு கூடு, அக்கூட்டுக்கு ஒரு துணிப்பை. அவன் வீட்டுச் சோபாவில் கோடையில் அமர்ந்த விருந்தினரால், எழும்போது தோலில் கொஞ்சத்தை விட்டுவிட்டுத்தான் எழ முடிந்தது. தட்டச்சர் அம்மாளின் விசைப்பலகைக்கு அவன் போர்த்திய உறை மங்கி மங்கி, எழுத்துகள் மறைந்து, அவ்வம்மையார் நினைவாற்றலால் மட்டுமே அலுவல் கடிதங்களைத் தட்டி வந்தார். வாழ்க்கை என்பது இனிமேல் வரப்போகும் ஏதோ ஒரு நல்ல நாளுக்காகத் துடைத்து மூடிவைக்க வேண்டிய பொருள் என்றும், அந்த நாள் நிச்சயமாக இன்று இல்லை என்றும் நம்பும் பெருங்கூட்டத்தின் படைத்தலைவன் அவன்.

அவன் முழங்கினான்: "யாரும் இதுல கைவைக்கக் கூடாது. இது இருந்தாத்தான் ஸ்க்ரீன் புதுசாவே இருக்கும்." முழங்கியதோடு அமையாது, சுவரில் அறிவிப்பும் ஒட்டினான், அதையும் பிளாஸ்டிக் உறைக்குள் இட்டே ஒட்டினான்.

மூண்டது போர். பகலில் நகலெடுக்கும் பாவனையில் களம் புகும் தபால் சார், ஒரு கையால் தாளை அடுக்கிக்கொண்டே மறுகைப் பெருவிரலால் இடக்கோடி மூலையை ஓர் எள்ளளவு நெம்புவான். மாலையில் ரோந்து வரும் கவர் சார் அந்த எள்ளளவைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டுவான். மறுநாள் இரண்டு எள். மறுமாலை அதன்மேல் டேப். அந்த டேப்பை உரிப்பதும் தபால் சாருக்கு இன்பமே எனினும், பசித்தவனுக்கு அது நொறுக்குத்தீனி மட்டுமே. டேப்பின்மேல் டேப், அதன்மேல் இன்னொரு டேப் என்று மூன்றாம் மாதத்தில் அந்த மூலை கோட்டைவாயில்போல் கனத்தது. சொல்லாமல் நெம்புவதும் பேசாமல் ஒட்டுவதுமாக இருவரும் போரிட்டனரே அன்றி, இதுபற்றி ஒரு சொல்லும் பரிமாறிக்கொண்டதில்லை. காலையில் வணக்கம், மாலையில் வருகிறேன், இடையில் படையெடுப்பு.

இரண்டு வேந்தர் பொருதால் நசுங்குவது குடிகள். தாளுக்கும் திரைக்கும் இடையே காற்றுக்குமிழ்கள் புகுந்து, தூசி புகுந்து, கடைசியில் தொடுதிரை தொட்டதை உணராது போயிற்று. இரண்டைத் தொட்டால் இருபத்திரண்டு என்று கொண்டது. தட்டச்சர் அம்மாள் தம் விடுப்புக் கடிதத்தை இரண்டு நகல் கேட்க, அது அவருடைய வயிற்றுக்கோளாறை இருபத்திரண்டு தாள்களில் உலகுக்கு அறிவித்தது. "அந்தக் கண்றாவியப் பிய்ச்சுப் போட்டாத்தான் என்ன?" என்று அவ்வம்மையார் பொதுவாகக் கூரையைப் பார்த்துக் கேட்டார். இரு பேரரசுகளும் கோப்புகளில் தலை கவிழ்ந்திருந்தன.

ஆறாம் மாதத்தில் நம் தலைவனுக்குச் சோறு இறங்கவில்லை. அவன் மனையாள், போர்க்களத்துச் செய்திகளை நாள்தோறும் கேட்டுக் கேட்டுச் சலித்தவள், தட்டில் ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

"ஒரு வார்த்தை அவர்கிட்ட கேட்டுட வேண்டியதுதானே?"

"என்னன்னு கேக்கறது?"

"ஆசையா இருக்குன்னு கேளுங்க."

அவன் வாய்வரை சென்ற கவளம் நின்றது. நாற்பத்தொன்பது வயது. அரை டஜன் மேலதிகாரிகளிடம் விடுப்பு கேட்டிருக்கிறான், இடமாற்றம் கேட்டிருக்கிறான், நாற்காலிக்குக் கால் கேட்டிருக்கிறான். ஆசையாக இருக்கிறது என்று சொல்லி எவரிடமும் எதையும் கேட்டதில்லை. அதற்கு விண்ணப்பப் படிவம் இல்லை. வாளோடும் வேலோடும் எதிர்நிற்கத் துணிந்த அவ்வீரன், இந்த ஒரு சொல்லின் முன் வெலவெலத்து, மோர் ஊற்றச் சொல்லிப் பேச்சை மாற்றினான்.

ஏழாம் மாதம். கவர் சார் ஓய்வுபெற ஒரு வாரமே இருந்தது. உச்சிப்பொழுதில் அலுவலகமே உணவுக்குக் கீழிறங்கியிருக்க, மூக்குக்கண்ணாடியை மறந்துவைத்த தபால் சார் அதை எடுக்க மாடியேறினான். ஏறியவன் கதவருகே கல்லாய்ச் சமைந்தான்.

இயந்திரத்தின் முன் நின்றிருந்தான் கவர் சார். சட்டைக்கையை முழங்கைவரை மடித்திருந்தான். கழுவிய கைகளில் ஈரம் மின்னியது. ஏழு மாதத்து டேப்புகள் யாவும் பிரிக்கப்பட்டு, மேசை விளிம்பில் ஒன்றன்கீழ் ஒன்றாக, அணிவகுத்து ஒட்டப்பட்டிருந்தன. குனிந்து, நாக்கின் நுனியைக் கடித்து, அந்த இடக்கோடி மூலையை அவன் சுரண்டிக்கொண்டிருந்தான். ஒட்ட வெட்டிய நகங்கள். மூலை எழவில்லை. சுரண்டினான், ஊதினான், மறுபடி சுரண்டினான். பகைவன் வந்து நிற்பதைக் கண்டதும் கையை எடுத்தான்; ஆனால் எங்கு வைப்பதென்று தெரியாமல், வணங்குவதுபோலவும் இல்லாமல் கைகட்டுவதுபோலவும் இல்லாமல் நடுவில் வைத்திருந்தான்.

"அடுத்த வாரம் நான் போயிடுவேன், தபால்."

"ஆமா சார்."

"முதல் நாள்லேந்தே ஆசைதான்" என்றான் கவர் சார், திரையைப் பார்த்தபடி. "கடைசி நாளுக்குன்னு வெச்சிருந்தேன். அன்னிக்கு மாலை மரியாதை, பேச்சு, கூட்டம்னு இருக்கும், கை ஒழியாது. அதான் இன்னிக்கே." மிகத் தாழ்ந்த குரலில் சேர்த்தான்: "நகம் நிக்க மாட்டேங்குது."

ஆகா, தபால் சாரின் நெஞ்சில் அக்கணம் எழுந்த சூறாவளியை என்னென்போம்! ஏழு மாத வஞ்சினம் ஒருபுறம். கண்ணெதிரே ஆயுதமிழந்து நிற்கும் மாற்றான் மறுபுறம். கோட்டைவாயில் திறந்துகிடக்கிறது, உலகிலேயே அதற்குத் தகுந்த நகம் ஒன்றுதான், அது தன் கையில். தன் ஆசைக்கு இத்தனை நாள் இந்த ஒற்றை மனிதனே குறுக்கே நின்றான் என்று எண்ணியிருந்தான். அவனோ தன் ஆசைக்கே தான் குறுக்கே நின்றவன். தபால் சார் முன்னேறினான். நகத்தை ஊன்றினான். மூலை பூவிதழ்போல் எழுந்தது. அதை இரு விரலால் பற்றினான்.

பற்றியதைப் பகைவனின் கையில் கொடுத்தான் என்று எழுதவே எமக்கும் விருப்பம். கொடுக்கவில்லை. இடமூலையை இறுகப் பிடித்துக்கொண்டு, வலமூலையையும் நகத்தால் நெம்பி எழுப்பி, தாடையால் அதைச் சுட்டினான். கவர் சார் இரு விரலால் அதைப் பற்றினான்.

"மெதுவா, சார். சாய்ச்சு இழுங்க."

"நீ முந்தாதே."

"முந்தல சார். மூச்ச விடாதீங்க."

இழுத்தனர். ஒரே நுகத்தில் பூட்டிய இரு எருதுகள்போல், வலமும் இடமும் ஓர் இம்மி ஏறாமல் குறையாமல், அந்த நீலப் பெருந்தாள் கீழிருந்து மேலாகப் புரண்டெழுந்தது. 'சர்ர்ர்ர்' என்று எழுந்த ஒலியில் எட்டுத்திக்கு யானைகளும் செவி சாய்த்தன. கோப்பு அலமாரிகள் சிலிர்த்தன. ஓடாத சுவர்க்கடிகாரம்கூட ஒருகணம் ஓட எண்ணியது. அறுபதாண்டு வாழ்வை உறைக்குள் வைத்திருந்த ஒருவனின் முகத்தில், தாடை தளர்ந்து, கண் பாதி மூடி, ஒரு குழந்தைத்தனமான அசட்டுத்தனம் பரவியது. தபால் சாரின் முகமும் அதே நிலையில்தான் இருந்தது; நல்ல வேளையாக அங்கு முகம் பார்க்கும் கண்ணாடி இல்லை. கிழியாமல், நிற்காமல், முழுத்தாளும் வந்தது. துவைத்த போர்வையை மடிக்க நிற்பவர்கள்போல் இருவரும் அதை ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டு சிறிதுநேரம் நின்றனர்.

தாளின் அடியில், திரையின் நடுவே, தொழிற்சாலையிலேயே விழுந்த நீண்ட கீறல் ஒன்று இருந்தது. இருவரும் பார்த்தனர்.

"ரெண்டு பேரும் என்ன பண்றீங்க?" என்று கேட்டவாறு, சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டு வந்தார் தட்டச்சர் அம்மாள். வீரர் இருவரும் வெவ்வேறு திசையில் கலைந்தனர். நீலத்தாளைக் கவர் சார் மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டான். வீட்டில் எதன்மேலாவது ஒட்டுவதற்கு.

மாலை நான்கு மணிக்குத் தலைமை எழுத்தனின் மேசையிலிருந்து, சட்டம் சாற்றும் முரசென, ஒரு சுற்றறிக்கை பிறந்தது. நகல் இயந்திரத்தின் பாதுகாப்புத் தாளை அனுமதியின்றி அகற்றியவர் எவராயினும் மூன்று நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கமளிக்க வேண்டும். தவறினால் ஒட்டுமொத்த அலுவலகத்தின் மீதும் நடவடிக்கை பாயும். அனைத்துப் பிரிவுகளுக்கும் அதை அனுப்பவேண்டிய பொறுப்பு மரபுப்படி தபால் பிரிவுக்கு உரியது. கவர் சார் முகத்தில் ஒரு தசையும் அசையாமல் அதை நீட்டினான். "பதினாலு காப்பி" என்றான். தபால் சாரும் முகத்தில் ஒரு தசையும் அசையாமல் "சரி சார்" என்று பெற்றுக்கொண்டான். வென்றவனின் நடையோடு களம் புகுந்து, திரையற்ற திரையின்மீது, இரு கரையும் அதிரப் பாயும் வெள்ளம்போல் பெருமிதம் பொங்க, தீட்டிய அத்திருநகத்தால் ஒன்றையும் நான்கையும் தொட்டு, பச்சைப் பொத்தானை அழுத்தினான்.

டோனர் மை தீர்ந்துபோயிருந்தது.