ட்ரையல் மேஸ்திரியும் தார் ரோட்டுப் படகும்

ரேணிகுண்டாவில் ட்ரையல் மேஸ்திரியிடம் ஒரு கொக்கி மாட்டச் சொல்லிவிட்டு, மானத்தோடு வீடு திரும்பியவர் ஒருவரும் கிடையாது. பந்தயம் கட்டிச் சொல்வேன். இப்போது கடையைச் சித்தூருக்கு மாற்றிக்கொண்டு வந்துவிட்டேனே தவிர, அப்போதெல்லாம் அவருடைய அலுமினியப் பட்டறையை ஒட்டித்தான் என் நட்டு போல்ட் கடை இருந்தது. அந்த வாசலில் நான் பார்க்காத கூத்து இல்லை.

மேஸ்திரிக்கு ஒரே ஒரு கொள்கை. டிரில் மெஷின் சுவரைத் தொடுவதற்கு முன்னால், அந்தப் பொருளோடு குடித்தனம் பண்ணப் போகிறவர் ஒரு தடவை பண்ணிக் காட்ட வேண்டும். துளை போட்டால் போட்டதுதான், அடைக்க முடியாது என்பார்.

திருப்பதியில் ஒரு லாட்ஜ் முதலாளி, குளியலறையில் துண்டு போடக் கம்பி மாட்ட வேண்டும் என்று கூப்பிட்டார்.

"குளிங்க" என்றார் மேஸ்திரி. "தண்ணி வேணாம், சும்மா குளிங்க. சோப்பு கண்ணுல பூந்துச்சின்னு வச்சிக்கோங்க. கை எங்க போவுதுன்னு பாக்கணும்."

முதலாளி பேண்ட் சட்டையோடு கண்ணை மூடிக்கொண்டு காற்றில் துழாவினார். ரூம் பார்க்க வந்த மொட்டைத் தலைக் குடும்பம் ஒன்று அதைப் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் பக்கத்து லாட்ஜுக்குப் போய்விட்டது.

புத்தூரில் ஒரு வாத்தியார் வீட்டுக்குத் தாழ்ப்பாள் வைக்கப் போனார். "சார், தினம் எப்டி வீட்டுக்கு வர்றீங்களோ அப்டி வாங்க" என்றார். வாத்தியார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்து வந்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி, "சனிக்கெழம எப்டி வருவாரு, அப்டி வரச் சொல்லுங்க" என்றார். வாத்தியார் தெருவில் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, தள்ளாடித் தவழ்ந்து வந்தார். கடைசியில் தாழ்ப்பாள் முழங்கால் உயரத்தில் வைக்கப்பட்டது.

இப்பேர்ப்பட்டவரிடம் ஒரு படகு வந்து மாட்டியது.

தடா பக்கத்து ஏழுமலை, பழவேற்காடு ஏரியில் மீன் பிடிக்கிறவர். பைக்கிலிருந்து விழுந்ததில் இடது கை விரல்கள் மடங்காமல் போய்விட்டன. "ஒத்தக் கையில வலைய புடிப்பியா, கோல புடிப்பியா? படக வித்துட்டு ஸ்ரீ சிட்டி கம்பெனில வாட்ச்மேன் வேலைக்குப் போ" என்று மனைவி கஸ்தூரி ஒற்றைக் காலில் நின்றார். கஸ்தூரியின் அண்ணன் படகை வாங்க ஆளே பார்த்து வைத்துவிட்டார். ஏழுமலைக்கோ நாற்காலியில் உட்கார்ந்து கேட்டைப் பார்க்கிற வேலையை நினைத்தாலே உடம்பு எரிந்தது. கடைசியில் கஸ்தூரி ஒரு படி இறங்கி வந்தார். தனியாகப் போய்த் தனியாக வலை இழுத்து வர முடிந்தால் படகு இருக்கட்டும். இல்லாவிட்டால் அன்றே விற்றுவிட வேண்டும்.

இதற்கு வழியை ஏழுமலைக்கு யாரோ செல்போனில் காட்டியிருந்தார்கள். நம் வீட்டு ஸ்லைடிங் ஜன்னலுக்கு இருப்பது மாதிரி ஒரு அலுமினியத் தடத்தைப் படகின் விளிம்பு நெடுக அடிப்பது. அதன் பள்ளத்தில் போல்ட்டைச் செருகி, வேண்டிய இடத்துக்குத் தள்ளித் திருகினால் அங்கேயே நிற்கும். விளக்கு, தூண்டில் தாங்கி, வலைக் கொக்கி எதையும் மாட்டலாம், நகர்த்தலாம். ஆனால் தடத்தை முடுக்கப் படகில் துளை போட வேண்டும். ஃபைபர் படகில் இடம் தப்பித் துளை போட்டால் அப்புறம் அது படகு அல்ல, சல்லடை.

குட்டி யானை வண்டியில் படகு ரேணிகுண்டா வந்து இறங்கியது. மேஸ்திரி அதை ரோட்டோரம் லாரி டயர்கள் மேல் உட்கார வைத்தார். தடத்தைக் கயிற்றால் விளிம்பில் கட்டி, அதில் வலைக் கொக்கியைத் திருகினார்.

"ஏறு ஏழுமல. மீன் புடி."

ஏழுமலை ஏறி நின்று தார் ரோட்டில் கோல் ஊன்றித் தள்ளினார். போகிற பஸ்ஸெல்லாம் நின்றது. ஒருவர் ஜன்னலில் தலையை நீட்டி, "ஏமண்டி, செருவு எக்கட?" என்று கேட்டார். ஏரி எங்கே என்கிறார். "ஒஸ்துந்தி, ஒஸ்துந்தி" என்றார் மேஸ்திரி. ஐந்து நிமிஷத்தில் ஏரி வந்துவிடும் என்கிற மாதிரிதான் இருந்தது அவர் முகம்.

"மீனே இல்லாம வலைய எப்டி இழுக்கறது?" என்றார் ஏழுமலை.

மேஸ்திரி சுற்றிப் பார்த்தார். கஸ்தூரி என் கடை ஸ்டூலில், அண்ணனுக்கு அடிக்கப் போனைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மா, இப்டி வா. நீதான் மீனு."

"நானா?"

"வலையோட அந்தக் கோடிய புடிச்சி இழு. மீனு எரக்கம் பாக்காது. நீயும் பாக்காத."

கஸ்தூரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார். ஏழுமலை வலக்கையால் ஒரு கை நீளம் இழுத்து, கொக்கியில் போட்டுவிட்டு மறுபடி பிடிக்கக் கையை எடுத்தார். வலை கொக்கியிலிருந்து நழுவியது. இழுத்ததெல்லாம் சர்ரென்று கஸ்தூரியிடம் திரும்பிப் போனது. இன்னொரு தடவையும் அதேதான்.

"பாத்தியாய்யா? இதான் நெலம. அண்ணனுக்குப் போன் போடறேன்."

ஏழுமலை தலை நிமிரவில்லை. மேஸ்திரி மட்டும் அசையவில்லை.

"இரு மா. மீனு பேசக் கூடாது."

கொக்கி ஏழுமலையின் முழங்கைக்குப் பின்னால் இருந்தது. கையை மடக்கித்தான் வலையைப் போட வேண்டும். அதனால்தான் அரைகுறையாக மாட்டி நழுவியது. மேஸ்திரி திருகைத் தளர்த்தி, தடத்திலேயே கொக்கியை ஒரு ஜாண் முன்னால் தள்ளி முடுக்கினார்.

"இப்ப இழு. இழுத்த கை தானா அதும்மேல வந்து வுழும்."

ஏழுமலை இழுத்தார். வலை கொக்கியில் ஆழமாக விழுந்தது. கையை எடுத்தார். கஸ்தூரி இழுத்தார். வலை வரவில்லை. டயரில் காலை முட்டுக் கொடுத்து, இத்தனை வருஷத்துக் கோபத்தையும் சேர்த்து இழுத்தார். படகு அவர் பக்கம் நகர்ந்து வந்ததே ஒழிய வலை வரவில்லை.

கஸ்தூரி மூச்சு வாங்க வலையை விட்டார். சிவந்து போயிருந்த உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டார்.

"ஓட்டையப் போடு மேஸ்திரி" என்றார்.

துளை போட்டு, சீலண்ட் பிதுக்கி, உள்பக்கம் பட்டை கொடுத்து, என் கடை எவர்சில்வர் போல்ட்டுகளால் மேஸ்திரி தடத்தை முடுக்கினார். படகு ஏரிக்குப் போன அன்று நானும் அவரோடு போனேன். ஏழுமலை தனியாகக் கோல் ஊன்றி உள்ளே போனார். படகு சின்னதாக ஆக ஆக, மேஸ்திரியின் முகமும் சின்னதாகிவிட்டது.

"என்ன மேஸ்திரி?"

"தண்ணில ட்ரையல் பாக்கலியேப்பா."

கரையில் நடந்துகொண்டே இருந்தார். கஸ்தூரி ஓரமாக உட்கார்ந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரித்திருந்தார்.

"மா, வந்துருவாருல்ல?"

"நான் இழுத்தே வர்ல. என்ன விடப் பெரிய மீனு இந்த ஏரில கெடையாது. உக்காந்து துன்னு மேஸ்திரி."

சொன்னாரே தவிர, அவர் பிட்ட இட்லி வாய்க்குப் போகவில்லை. கையிலேயே இருந்தது.

வெயில் ஏறியபோது படகு திரும்பி வந்தது. நடுவில் வலை குவிந்து கிடந்தது, அதில் மடவை மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன. மேஸ்திரி செருப்போடு தண்ணீரில் ஓடினார், வழுக்கிக் குப்புற விழுந்தார், எழுந்தார். மீனைப் பார்க்கவில்லை, ஆளைப் பார்க்கவில்லை. படகுக்குள் கையை விட்டு ஒவ்வொரு போல்ட்டாகத் தடவிக்கொண்டே போனார்.

"ஒழுவல" என்றார்.

கஸ்தூரி போனை எடுத்தார். "அண்ணா, படகு விக்கறதில்ல. கொழம்புக்கு மீனு வேணும்னா வா."

மேஸ்திரி தலை, காது, மீசை எல்லாம் ஏரிச் சேற்றோடு கரையேறி வந்து என் பக்கத்தில் நின்று சிரித்தார். கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. புதுச் சட்டை ஆயிற்றே என்று பேசாமல் இருந்துவிட்டேன். சட்டை போனால் போகிறது, அந்த மனுஷனைக் கட்டிப்பிடித்திருக்கலாம்.