ஆள் தெரியாத கோணம்

படக்காரர் வந்து நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. பதினோரு படங்கள் எடுத்திருந்தார். பதினொன்றிலும் அவரே இருந்தார்.

நிலைக்கண்ணாடியில் முழு உருவமாக, முட்டை வடிவக் கண்ணாடியில் இடுப்புவரை, மேசைக்கண்ணாடியில் கேமராவும் ஒரு காதுமாக. கண்ணாடிக் கடைக்கு எடுத்த விளம்பரப் படம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். இவர் தேர்தலில் நிற்கப்போகிறார் என்று நினைப்பார்கள்.

"கொஞ்சம் தள்ளி நின்னு எடுங்களேன்," என்றாள் மானேஜர்.

"தள்ளி நின்னா முழுசா தெரியறேன் மேடம். கிட்ட வந்தா மூக்கு மட்டும் தெரியுது."

"இதுக்கு முன்னாடி கண்ணாடி எடுத்திருக்கீங்கல்ல?"

"இல்ல மேடம். நான் போற இடத்துல ஒண்ணு ரெண்டு இருக்கும். முதல் வேலையா அதைக் கழட்டச் சொல்லிடுவேன்."

அவள் பார்த்து வைத்திருந்த படக்காரர் வேறு. வளையல், வாட்ச் என்று பளபளக்கிற எதையும் எடுத்துப் பழகியவர். முதலாளிதான், எனக்குத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார் என்று இவரை அனுப்பியிருந்தார்.

மூன்று பேர் வேலை செய்யும் கடை அது. வெட்டுவதற்குக் கட்டிங் அண்ணன். விளிம்பு தேய்ப்பதற்குப் பாலிஷ் அக்கா. மற்ற எல்லாவற்றுக்கும் இவள். மற்ற எல்லாவற்றிலும் தரை துடைப்பதும் அடக்கம். அதற்காகச் சம்பளத்தைக் கூட்டச் சொன்னபோது, முதலாளி மானேஜர் என்ற பட்டத்தைக் கொடுத்தார்.

ஒரு வருடமாக வியாபாரம் படுத்துக் கிடந்தது. நல்லதாகப் படம் எடுத்து இணையத்தில் போட்டால் வெளியூரிலிருந்து ஆர்டர் வரும், மூன்று பேர் வேலையும் தப்பும் என்று அவள் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போதெல்லாம் காது கொடுக்காத முதலாளி, போன வாரம் தானாகவே கூப்பிட்டார். "அந்தப் படம் எடுக்கிற விஷயம். செஞ்சிடலாம். நல்லா பெருசாவே செஞ்சிடலாம்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்த பாலிஷ் அக்கா, தூசி என்று தானே சொல்லிவிட்டாள்.

அதன்பின் வாரம் முழுக்க மானேஜர் யோசித்தது இந்த நாளைப் பற்றித்தான். எத்தனை மணிக்கு எந்த ஜன்னலில் வெளிச்சம் வரும், எந்தக் கண்ணாடி முதலில், எது பிறகு. அண்ணன் வெட்டுவது போல ஒரு படம். அக்கா தேய்ப்பது போல ஒரு படம். கடைசியாக மூவரும் வாசலில்.

அந்தக் கடைசிப் படத்துக்காக அண்ணன் தலைக்குச் சாயம் பூசியிருந்தார். கழுத்துக்கும் கொஞ்சம் கிடைத்திருந்தது. அக்கா தன் மகளின் லிப்ஸ்டிக்கைப் போட்டு வந்திருந்தாள். அது கலைந்துவிடும் என்று உதடு ஒட்டாமல் பேசியதில், காலையிலிருந்து அவள் சொன்னதில் பாதி யாருக்கும் புரியவில்லை.

"கறுப்புத் துணி போர்த்திக்கிட்டு எடுங்க," என்று மானேஜர் ஒரு வழி சொன்னாள்.

படக்காரர் போர்த்திக்கொண்டார். கேமராவுக்கு மட்டும் ஓட்டை. இப்போது ஒவ்வொரு கண்ணாடியிலும் ஒற்றைக் கண்ணுள்ள கறுப்பு மூட்டை ஒன்று நின்றது.

"பேய் பிடிச்ச கண்ணாடின்னு தனி விலை போடலாம்," என்றார் அண்ணன்.

"சும்மா இருங்கண்ணா. கண்ணாடியைக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க. அப்ப இவர் தெரியமாட்டார்."

சாய்த்ததும் படக்காரர் மறைந்தார். பாத்ரூம் கதவு வந்தது. இன்னும் கொஞ்சம் சாய்த்தார்கள். பாலிஷ் அக்கா அட்டையால் விசிறிக்கொண்டிருந்தது தெரிந்தது.

"அக்கா, கொஞ்சம் நகருங்க. கண்ணாடியில இருக்கீங்க."

"நான் இங்கதானே இருக்கேன்."

"இங்க இருந்தா அங்க இருக்கீங்க."

அக்கா நகர்ந்தாள். அடுத்த கண்ணாடியில் வந்தாள். அங்கிருந்து நகர்ந்தால் அதற்கடுத்ததில். அதற்குள் அண்ணனின் முதுகு இரண்டு கண்ணாடிகளில் வந்துவிட்டது. ஒன்றை ஒன்று பார்க்கும் முப்பது கண்ணாடிகள் இருக்கிற கடையில் ஒளிந்துகொள்ள மூலை ஏது?

முதலாளி போனில் வந்தார். "எப்படிப் போகுது?"

"எந்தப் பக்கம் வச்சாலும் நாங்க தெரியறோம் சார்."

"ஆள் தெரியவே கூடாது. ஆள் தெரியாத கோணமா பார்க்கச் சொல்லு."

"கடைசியா நாங்க மூணு பேரும் வாசல்ல..."

"அதெல்லாம் அப்புறம். பின்கதவு எடுத்தாச்சா? மீட்டர் பெட்டி?"

"மீட்டர் பெட்டியா சார்?"

"எல்லாமே தெளிவா வரணும்மா. இப்ப அதான் ஃபேஷன்." வைத்துவிட்டார்.

மானேஜர் இரண்டு பேரிடமும் விளக்கினாள். "பெரிய கம்பெனியெல்லாம் இப்படித்தான் எடுக்கறாங்களாம். உள்ளது உள்ளபடி காட்டினாத்தான் நம்பிக்கை வரும். இதுக்குப் பேர்தான் பிராண்டிங்."

"மீட்டர் பெட்டியைப் பார்த்துட்டு கண்ணாடி வாங்குவாங்களா?" என்றார் அண்ணன்.

"வாங்குவாங்க."

"அப்ப பாத்ரூம் கதவை எதுக்கு மறைச்சோம்?"

"மறைக்க வேணாம். உள்ளயும் எடுத்துட்டேன்," என்றார் படக்காரர். காலையிலிருந்து அவர் முகத்தில் அப்போதுதான் ஒரு தெளிவு வந்தது. "மேடம், ஒண்ணு செய்யலாமா? கண்ணாடி எல்லாத்தையும் கொஞ்ச நேரம் வெளிய வச்சிடலாம். அளவு கணக்கா எடுத்து முடிச்சிடறேன்."

முதலில் கடை, பிறகு கண்ணாடிகளை ஒவ்வொன்றாக வெளியில் வைத்தே எடுப்பார் என்று மானேஜர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். திட்டத்தில் வரிசை மட்டும்தான் மாறுகிறது.

மூவரும் சுமந்தார்கள். அக்காவின் லிப்ஸ்டிக் வியர்வையில் கரைந்து முகவாய்க்கு இறங்கியது. அண்ணனின் சாயம் புதுச் சட்டைக் காலருக்கு இறங்கியது. முப்பது கண்ணாடிகளும் தெருவோரச் சுவரில் சாய்ந்து வரிசையாக நின்றன. வெயில் ஏறியிருந்தது.

எதிர்மாடியில் பல் மருத்துவரின் ஜன்னல் படாரென்று திறந்தது. கையில் குறடு.

"யாரு அங்க வெளிச்சம் அடிக்கிறது? கண்ணு கூசி பக்கத்துப் பல்லைப் பிடுங்கிட்டேன்!"

அவருக்குப் பின்னாலிருந்து, "எந்தப் பல்லை?" என்று ஒரு கொழகொழத்த குரல் கேட்டது.

மருத்துவர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

அவசர அவசரமாகக் கண்ணாடிகளைச் சாய்வு குறைத்து நிமிர்த்தி வைத்தார்கள். இப்போது தெருவில் போகிறவர்கள் எல்லாம் நின்று தலை வாரினார்கள். ஒருவர் வண்டியை நிறுத்தி மீசையைப் பார்த்துக்கொள்ள, பின்னால் நான்கு வண்டிகள் ஹாரன் அடித்தன. வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் மட்டும் தலை வாரவில்லை. முட்டை வடிவக் கண்ணாடியின் விளிம்பைத் தடவிப் பார்த்தார்.

"நல்ல வேலைப்பாடு. என்ன விலைங்க? நாலு வேணும்."

அந்த மாதத்தில் விலை கேட்டு வந்த முதல் ஆள் அவர்தான். "மன்னிச்சுக்கங்க சார், இன்னைக்கு விக்க முடியாது. படம் எடுக்கிறோம். நாளைக்கு வாங்களேன்," என்றாள் மானேஜர்.

"நாளைக்கு நான் ஊர்ல இல்லம்மா." அவர் போய்விட்டார்.

"நாலு கண்ணாடி," என்றார் அண்ணன்.

"படம் வந்துடட்டும்ணா. நாற்பது போகும்."

உள்ளே படக்காரர் மூலைக்கு மூலை ஓடி எடுத்துக்கொண்டிருந்தார். மானேஜர் எட்டிப் பார்த்தாள். கண்ணாடி மாட்டியிருந்த இடங்களில் மட்டும் சுவர் வெளுத்துக் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. ஒன்பது வருடம் துடைத்த தரை. இவ்வளவு பெரிய இடம் என்று அவளுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

திரும்பினாள். தெருவில் முப்பது கண்ணாடிகளிலும் அவர்கள் மூவரும் நின்றிருந்தார்கள். வழிந்த சாயம், வழிந்த சிவப்பு, இஸ்திரி கலைந்த அவளுடைய சேலை. அவள் திட்டம் போட்டிருந்த அதே வரிசையில்தான் நின்றிருந்தார்கள்.

"அப்ப அடுத்தது நம்மளைத்தான் எடுப்பாங்க, இல்லையா?" என்றாள் அக்கா. இப்போது அவள் பேச்சு நன்றாகவே புரிந்தது.

"இருங்க, கூப்பிடறேன்."

படக்காரர் கேமராவைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார், மூடறீங்க? கண்ணாடிங்க பாக்கி. நாங்க மூணு பேரும் பாக்கி."

"எல்லாம் முடிஞ்சுது மேடம். அருமையா வந்திருக்கு."

"எது அருமை? இத்தனை படம் எடுத்திருக்கீங்க, ஒண்ணுல கூட ஒரு கண்ணாடி இல்ல. கண்ணாடி விக்கிறதுக்கு இந்தப் படத்தை வச்சு நான் என்ன பண்றது?"

படக்காரர் பையின் ஜிப்பைப் பாதியில் நிறுத்தினார். அவளைப் பார்த்தார். வாசலில் உதட்டைத் துடைத்துக்கொண்டு நின்ற அக்காவையும், காலரைத் திருப்பி மடித்துக்கொண்டிருந்த அண்ணனையும் பார்த்தார்.

"கண்ணாடி விக்கிறதுக்கா? சார் இந்தக் கடையை விக்கிறதுக்குத்தானே மேடம் படம் எடுக்கச் சொன்னார்?"