எதிரே ஏதாவது வருதா?

எங்கள் மலைச் சாலைகளில் ஓர் உயிரினம் பெருகி வருகிறது. ஆடுபோல் மந்தையாக மேயாது, ஓநாய்போல் ஊளையிடாது, ஹாரன் அடிக்கும். அதன் பெயர் 'எனக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது'. நாரின் என்ற எங்கள் ஊரின் பேருந்து நிலைய வாசலில், காலை ஏழு மணிக்கு, பங்கு டாக்ஸியின் பக்கத்தில் நின்று, சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு, "பிஷ்கெக்! பிஷ்கெக்! ஒரே ஒரு ஆள்தான் பாக்கி!" என்று அது கூவுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஒரே ஆள் நாம்தான் என்று நம்பி ஏறினால், இன்னும் இரண்டு பேருக்காக ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். இழந்த அந்த ஒரு மணி நேரத்தை அந்த ஓட்டுநர் பிறகு சாலையில் மீட்பார். நம்மை உள்ளே வைத்துக்கொண்டு.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். முன்கண்ணாடியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு விரிசல் இருக்கும். சின்னக் கண்ணாடியில் தாயத்து தொங்கும். கைபேசியில் யாரோ ஒருவருடைய கல்யாணம் ஓடிக்கொண்டிருக்கும். சீட் பெல்ட் போடாவிட்டால் 'கீங் கீங்' என்று கத்தும் கருவியின் வாயை அடைப்பதற்கென்றே பெல்ட்டின் நாக்கை மட்டும் தனியாகச் சந்தையில் விற்கிறார்கள். அதை வாங்கிச் செருகியிருப்பார். கடை கடையாக ஏறி இறங்கி அதைத் தேட அலுப்பில்லை. பெல்ட்டை இழுத்து மாட்டுவதற்குத்தான் தோள் வலிக்கும்.

வானொலியில் சாலைச் சாவுகள் போன வருடத்தைவிடக் கூடிவிட்டன என்று சொன்னால், "சின்னப் பசங்க கையில வண்டியக் குடுத்தா வேற என்ன ஆகும்?" என்பார். அவருக்கே வயது இருபத்தாறாக இருந்தால், "கெழடுங்கல்லாம் ஓட்டுனா?" என்பார். எப்படியும் சாகிறவர் வேறு யாரோ. நானும் முப்பது வருடம் மருத்துவமனையில் முதுகு உடைந்தவர்களைப் புரட்டிப் படுக்கவைத்துப் புண் வராமல் பார்த்துக்கொண்டவள். அவர்களில் ஒருவர்கூட மோசமான ஓட்டுநர் இல்லை. கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

போன ஜூன் மாதம் எனக்குக் கிடைத்தவர் பெயர் கெனெஷ். நான் போனபோது முன்சீட்டில் ஜிபார் என்ற இளம்பெண் எட்டு மாத மகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். நகரத்தில் வேலை பார்க்கும் கணவனிடம் போகிறாள். பின்சீட்டில் கம்பளி வியாபாரி சுயுன். அவர் பக்கத்தில் அவருடைய கம்பளி மூட்டை. மூட்டை பெல்ட் போட்டிருந்தது.

"இது என்ன கூத்து?" என்றேன்.

"வளைவுல உருண்டு மேல விழுது, அபா," என்றார் சுயுன். எங்கள் ஊரில் மூத்த பெண்கள் எல்லோரும் 'அபா', அண்ணன் முறை ஆண்கள் எல்லோரும் 'பைகே'.

"குழந்தைக்கு சீட்டு இல்லியா?"

"இருக்கு அபா," என்றாள் ஜிபார் மெதுவாக. "டிக்கியில. உருளக்கெழங்குக்கு அடியில. கெனெஷ் பைகே அங்க வச்சுட்டாரு."

"அது எதுக்கு அபா, எடத்த அடைச்சுக்கிட்டு?" என்றார் கெனெஷ். "அம்மா மடிய விடவா அது மெத்து?"

"வண்டி முட்டுச்சுன்னா இந்த எட்டுக் கிலோ, ஒரு குதிரக்குட்டி கனமாயிரும். குதிரக்குட்டிய யாராவது மடியில புடிச்சு நிறுத்த முடியுமா?"

"முட்டுனாத்தானே? பதினேழு வருசமா ஓட்டுறேன். எனக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது."

பார்த்தீர்களா, தானாகவே பெயரைச் சொல்லிவிட்டார்! இந்த இனத்தோடு வாதம் செய்வது வீண். ஜிபாரைக் குழந்தையோடு பின்னால் அனுப்பிவிட்டு முன்சீட்டில் நான் ஏறிக்கொண்டேன்.

அந்த முன்சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் நாட்டில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகும். ஜப்பானிலிருந்து பழசாக வந்த கெனெஷின் காரிலோ ஸ்டீயரிங்கும் வலப்பக்கம். ஆகவே முன்னால் லாரி போனால் அவருக்கு லாரியின் முதுகு மட்டும்தான் தெரியும். எதிரே வருவதைப் பார்க்க முடிந்தவர் இடப்பக்கம் உட்கார்ந்திருக்கும் பயணி ஒருவர்தான். முன்பின் தெரியாத அந்தப் பயணிக்குக் கண்புரை இருக்கலாம், தூக்கம் இருக்கலாம், வாழ்க்கையில் வெறுப்பு இருக்கலாம். இனம் கவலைப்படாது. ஒரே ஒரு கேள்வி கேட்கும். பதிலை நம்பி ஐந்து உயிரை எதிர்ப்பக்கம் தள்ளும்.

தோலோன் கணவாய் ஏற்றத்தில், சீனாவிலிருந்து சரக்கோடு வந்த லாரி ஒன்றின் பின்னால் மாட்டிக்கொண்டதும் அந்தக் கேள்வி வந்தது.

"அபா, எதுத்தாப்ல ஏதாவது வருதா?"

கண்ணுக்கெட்டிய தூரம்வரை சாலை காலி. ஒரு காக்கை இருந்தது.

"வருது," என்றேன்.

கொஞ்சம் பொறுத்து, "இப்போ?"

"லாரி வருது."

"இப்போ?"

"அதுக்குப் பின்னால இன்னொண்ணு."

லாரி ஆமை வேகத்தில் ஏறியது. அதன் புகை முழுவதும் எங்களுக்கே. கால் மணி நேரம் கழித்து, "இப்பவுமா வருது?" என்றார், அழாத குறையாக.

"கல்யாண ஊர்வலம்."

"இந்தக் கணவாயிலயா?"

"பொண்ணு வீட்டுக்கு அவசரம் போல."

பின்னால் சுயுன் தொப்பிக்குள் முகத்தைப் புதைத்துக் குலுங்கினார். கெனெஷுக்குப் புரிந்துவிட்டது.

"உங்களுக்கு என்னதான் வேணும்?"

"கம்பளிக்குக் குடுத்த மரியாதைய அந்தக் கொழந்தைக்கும் குடு. அப்புறம் என் கண்ணு நல்லாத் தெரியும்."

"கம்பளி டிக்கியில போகட்டும் பைகே," என்றார் சுயுன். "அதுக்கு ஒண்ணும் வலிக்காது."

குமிஸ் என்ற புளித்த குதிரைப்பால் விற்கும் கூடாரம் ஒன்றின் எதிரே வண்டி நின்றது. உருளைக்கிழங்கு வெளியே வந்தது. மூட்டை டிக்கிக்குள் போனது, அதன் பக்கத்தில் உருளைக்கிழங்கு திரும்ப ஏறியது. குழந்தையின் சீட்டு அது இருக்க வேண்டிய இடத்துக்கு வந்தது. நான் இறங்கி நின்று, "வாரை இறுக்கு, இன்னும் இறுக்கு, ரெண்டு விரலுக்கு மேல நுழையக் கூடாது," என்று அதிகாரம் செய்தேன். கெனெஷின் பெல்ட் ஓட்டையிலிருந்த போலி நாக்கைப் பிடுங்கி என் பைக்குள் போட்டுக்கொண்டேன். வண்டி 'கீங் கீங்' என்று அலறியது. அரை கிலோமீட்டர் அவர் வீராப்பாகத் தாங்கினார். பிறகு மாட்டினார்.

அதற்கப்புறம் நான் பொய்யே சொல்லவில்லை. "வருது" என்றால் வந்தது. "வரல" என்றால் தாண்டினோம். கீழே இறங்கும்போது சாலையோரம் ஒரு கல்லறைத் தோட்டம் தெரிந்தது. இந்த இனம் பக்தியில் குறைந்ததல்ல. போனவர்களுக்கு மரியாதையாக, கெனெஷ் இரண்டு கைகளையும் ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்து, உள்ளங்கைகளால் முகத்தைத் தடவி, கண்ணை மூடி, "ஓமின்" என்றார். எழுபது கிலோமீட்டர் வேகத்தில்.

"ஒரு கை போதும்! அவங்க கோவிச்சுக்க மாட்டாங்க!" என்று கத்தினேன்.

கத்தியது நல்லதாயிற்று. சரிவிலிருந்து ஒரு பெண்குதிரை சாவகாசமாகச் சாலைக்கு வந்து நடுவில் நின்றது. கெனெஷ் கண்ணைத் திறந்தார். பிரேக்கில் ஏறி நின்றார். டயர்கள் கதறின, டிக்கியில் உருளைக்கிழங்கு இடி இடித்தது, வண்டி குதிரையின் வாலுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. குதிரை எங்களைப் பார்த்தது. வாலை வீசிவிட்டுப் போனது.

ஜிபார் திரும்பிக் குழந்தையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். வார் பிடித்திருந்தது. குழந்தை கண்ணைத் திறந்து, எல்லோரையும் ஒருமுறை கண்டித்துப் பார்த்துவிட்டு, மறுபடியும் தூங்கியது. ஜிபார் சீட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள்; கெனெஷ் இன்ஜினை அணைத்தார். சுயுனுக்குத் தொப்பி மட்டும் நழுவியிருந்தது.

வண்டியில் அடிபட்டது ஒரே ஆளுக்குத்தான். முன்பலகையில் இடித்து, நெற்றியில் வாத்து முட்டை அளவுக்குப் புடைத்துவிட்டது. என் நெற்றியில்.

"அபா," என்றார் கெனெஷ், என் பக்கம் திரும்பி. "உங்க பெல்ட்டு எங்க?"

கூடாரத்தில் எல்லோருக்கும் மாட்டிவிட்ட மும்முரத்தில், என்னுடையதன் மேல் நான் உட்கார்ந்திருந்தேன்.

"இப்பத்தான் ஏறினேன்..."

"கணவாயத் தாண்டி ஒரு மணி நேரமாச்சு," என்று பின்னாலிருந்து சொன்னாள் ஜிபார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"எத்தன வருசமா அபா முன்சீட்டுல போறீங்க?"

"நாப்பது வருசமா. எனக்கெல்லாம் ஒண்ணும்..."

வாயை மூடிக்கொண்டேன். வண்டிக்குள் சிரிப்பு கிளம்பி கொச்கோர் ஊர் தாண்டும்வரை அடங்கவில்லை.

ஆகவே அன்பரே, இந்த இனத்துக்குச் சாவி வேண்டும், மீசை வேண்டும், விரிசல் கண்ணாடி வேண்டும் என்று எண்ணி நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். "பக்கத்துத் தெருதானே," "பின்சீட்டுதானே," "ஒரு நிமிசம் மடியில இருக்கட்டும்," என்று கடைசியாக எப்போது சொன்னீர்கள்? எங்கள் நிலையத்தில் கெனெஷ் இன்றும் கூவுகிறார், பெல்ட்டை மாட்டிக்கொண்டே: "ஒரே ஒரு ஆள்தான் பாக்கி!"

யாரைச் சொல்கிறாரோ, தெரியவில்லை. உங்கள் நெற்றியைக் கொஞ்சம் தடவிப் பாருங்கள்.