டர்போ எதனால் செத்தது?

வானகரம் சிக்னலில் நேற்று என் பக்கத்தில் நின்ற டீசல் கார், பச்சை விழுந்ததும் அழுதுகொண்டே கிளம்பியது. தூரத்தில் ஆம்புலன்ஸ் போவது போல மெல்லத் தொடங்கி, மேலே மேலே ஏறி, கியர் மாறும்போது தொண்டை அடைத்து, மறுபடி ஏறும் ஓர் ஊளை. பின்னால் நீலப் புகை. ஓட்டியவர் பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவைத்துக்கொண்டு நிம்மதியாகப் போனார். எனக்குத்தான் கண் கலங்கியது. பாதி அந்தப் புகையால். மீதி, போஸ்ட்மார்ட்டம் பாயால்.

சென்னீர்குப்பத்தில் சர்வீஸ் ரோட்டை ஒட்டித் தகரக் கொட்டகையில் மெக்கானிக் கடை போட்டிருந்தார். பெங்களூர் சாலையில் உயிரைவிட்ட எந்த டர்போவும் அவர் விசாரணை முடியாமல் காயலான் கடைக்குப் போனதில்லை. இதை நான் எந்தக் கோர்ட்டிலும் சொல்வேன். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். ஆதார் அட்டைக்குத் தெரிந்திருக்கும். எங்களுக்குத் தெரியாது. இப்போது மகள் வீட்டோடு ஆம்பூர் பக்கம் போய்விட்டார்.

டர்போ தெரியாதவர்களுக்கு: டீசல் வண்டிக்கு மூச்சு ஊதிக் கொடுக்கும் நத்தை வடிவ இரும்பு அது. எஞ்சின் விடும் புகை ஒரு சக்கரத்தைச் சுற்றும். அதே அச்சின் மறுமுனையில் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து எஞ்சினுக்குள் திணிக்கும். நடுவில் அந்த அச்சு எண்ணெயில் மிதக்கிறது. அந்த எண்ணெய் நின்றால் எல்லாம் நின்றது.

மற்ற மெக்கானிக்குகள் பழசைக் கழற்றுவார்கள், புதுசை மாட்டுவார்கள், கையைத் துடைப்பார்கள். பாய் மாட்ட மாட்டார். செத்தது எதனால் என்று தெரிய வேண்டும். ஆவடியிலிருந்து வேன்காரர் ஒருவர் புது டர்போவை அட்டைப்பெட்டியோடு வாங்கிக்கொண்டே வந்துவிட்டார். குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வருவது போல நெஞ்சோடு அணைத்திருந்தார்.

"இத்த மாட்டிக் குடு பாய், போய்க்கினே இருக்கேன்."

"மாட்றதுக்கு இன்னா நைனா. பழச கொன்னவன் இன்னும் உள்ளதான் கீறான். நீ அவன்கிட்டயே இன்னொருத்தன அனுப்புற. இது நாயமா?"

வேன்காரர் அட்டைப்பெட்டியின் மேலேயே உட்கார்ந்து விசாரணை முடியும்வரை டீ குடித்தார்.

விசாரணை என்றால் பகிரங்க விசாரணை. கவிழ்த்த டிரம்மின் மேல் பழைய நியூஸ்பேப்பரை விரிப்பார். அதன் மேல் டர்போ. சுற்றிலும் பக்கத்துப் பஞ்சர் கடைக்காரன் மாரி, அவ்வழியே போகும் யார் யாரோ. மரணம் மூன்று வகை என்பது பாயின் கணக்கு: மண், அடி, தாகம். ஏர் ஃபில்டர் கிழிந்து தூசி தின்று செத்தால் மண். உள்ளே கல்லோ நட்டோ போய்ச் சக்கரத்தின் இறக்கை உடைந்தால் அடி. எண்ணெய் கிடைக்காமல் செத்தால் தாகம். தீர்ப்பானதும் அந்த டர்போவின் மேலேயே சாக்பீஸால் காரணத்தை எழுதிப் பின்சுவர்ப் பலகையில் அடுக்கிவிடுவார். மண், மண், தாகம், அடி, மண் என்று கொட்டகைக்குள் ஒரு சின்ன இடுகாடு.

சாகாததைச் செத்தது என்று கொண்டு வருபவர்களும் உண்டு. அம்பத்தூர்க்காரர் ஒருவர் "விசில் அடிக்குது பாய், டர்போ காலி" என்று தலையில் கைவைத்து நின்றார். பாய் ரப்பர் ஹோஸைத் தடவிக்கொண்டே போய் ஒரு வெடிப்பில் விரலை வைத்தார். விசில் நின்றது. "சாவு இல்ல சார், சளி. காத்து லீக்காவுது. ஹோஸ் மாத்திக்கினு கெளம்பு." அவர் பாயின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை.

இரக்கம் எல்லாம் வண்டிக்கும் வண்டிக்காரருக்கும்தான். மற்ற மெக்கானிக் எவராவது கைவைத்த வண்டி வந்துவிட்டால், பாயின் குரல் நெடுஞ்சாலையின் லாரிச் சத்தத்தைத் தாண்டும். "இன்னாடா இது, பேஸ்ட்டா சட்னியா? தோசைக்குத் தடவுற மாதிரி தடவி வெச்சிகிறான்!" எண்ணெய் கசியாமல் இருக்க மூட்டுகளில் பூசும் பசையைத்தான் சொல்கிறார். அந்தச் சாலையில் எல்லாரும் கறுப்புப் பசை. பாய் மட்டும் சிவப்பு. "எந்த வண்டிலயாவது செவப்பு பாத்தீன்னா, அது இந்தக் கை பட்ட வண்டி" என்பார். ஓவியர்கள் மூலையில் கையெழுத்துப் போடுவது போல.

இனி எங்கள் வண்டி.

என் மைத்துனன் பிரபுவுக்கு வானகரத்தில் ஃபிளாட், ஐ.டி. வேலை, அக்கா என்றால் உயிர். ஆபீஸ் நண்பர்களோடு ஏலகிரி போக எங்கள் காரை வாங்கிக்கொண்டு போனான். திரும்பி வரும்போது கார் ஊளையிட்டது. கோவில்பதாகையில் எங்கள் தெருமுனை மேட்டைக்கூட மூச்சு வாங்கி மூச்சு வாங்கித்தான் ஏறியது.

"மாமா, சத்தியமா நான் ஒண்ணும் பண்ணல."

என் மனைவி கலா உள்ளிருந்தே சொன்னாள்: "மலையில ரேஸ் விட்டிருப்பான். சின்ன வயசுல சைக்கிள உடைச்சப்பவும் இதே வசனம்தான்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் பிரபுவின் முகம் மூடிக்கொண்டது. "நீயே நம்பலன்னா விடுக்கா" என்று சாவியை டி.வி. மேல் வைத்துவிட்டுப் போனவன், அதன் பிறகு வரவில்லை. போன் எடுக்கவில்லை. இவளும் ஒரு கட்டத்தில் அடிப்பதை நிறுத்திக்கொண்டாள். கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த எங்கள் மகளுக்கு அடுத்த வாரம் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மாமன் ஒருவன்தான். மடியும் ஒன்றுதான். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. எல்லாரும் வண்டியைப் பற்றியே பேசினோம்.

காரைப் பாயிடம் கொண்டுபோனேன். அவர் காற்றுக் குழாயைக் கழற்றி உள்ளே இரண்டு விரலை விட்டு அச்சை அசைத்தார். தளர்ந்த பல் போல ஆடியது. குழாயெல்லாம் எண்ணெய்.

"முடிஞ்சிது சார். போஸ்ட்மார்ட்டம் நாளைக்கு. கடைசியா யாரு ஓட்னது?"

"மச்சினன்."

"அவரும் வரணும். கடைசியா கூட இருந்தவன் இல்லாம நான் கத்தி எடுக்க மாட்டேன்."

அது அவர் சட்டம். அதற்கு யாரும் விலக்கில்லை. அவரே பிரபுவுக்குப் போன் செய்தார்.

மறுநாள் பிரபு வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றாமல் போனைப் பார்த்தபடி கொட்டகைக்கு வெளியே நின்றான். கலாவும் வருவேன் என்று பிடிவாதமாக வந்திருந்தாள். தம்பியைப் பார்க்காத திசையாகத் தேடி எடுத்து, பஞ்சர் கடை டயர்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பாய் பிரித்தார். "ஏர் ஃபில்டர் சுத்தமா கீது. மண்ணு இல்ல. றெக்க எதுவும் ஒடையல. அடி இல்ல." அச்சை உருவி வெளிச்சத்தில் காட்டினார். வெந்து நீலம் பாரித்திருந்தது. "தாகம்."

கலாவால் பொறுக்க முடியவில்லை. "மலையில போட்டு முறுக்கினா அப்படி ஆகுமா பாய்?"

ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது.

"இரும்மா. தாகத்துல செத்தான்னா, தண்ணி குடுக்காதவன் யாருன்னு பாக்கணும்ல?"

டர்போவுக்கு எண்ணெய் கொண்டுவரும் மெல்லிய குழாயைக் கழற்றி வாயில் வைத்து ஊதினார். கன்னம் உப்பியதே தவிர காற்று மறுபக்கம் வரவில்லை. குழாய் சேரும் போல்ட்டின் ஓட்டைக்குள் கம்பியை விட்டு நெம்பினார். மெத்தென்று ஒன்று அவர் உள்ளங்கையில் விழுந்தது. மாதுளை முத்து அளவு.

சிவப்பு.

அவருக்கு அடுத்து நின்ற எனக்கு மட்டும்தான் தெரிந்தது. போன மழைக்காலத்தில் அந்த மூட்டில் எண்ணெய் கசிகிறது என்று கொண்டு வந்ததும், புது வாஷர் போட்டுவிட்டு "சேஃப்டிக்கு இருக்கட்டும்" என்று அவர் கொஞ்சம் பசை பூசியதும் நினைவுக்கு வந்தது. பிதுங்கிய பசை உள்ளே இறங்கி, சொட்டுச் சொட்டாக வழியை அடைத்திருக்கிறது. ஏலகிரி இல்லாவிட்டால் திருவள்ளூர் போகும்போது செத்திருக்கும்.

பாயின் கை மூடியது. நெடுஞ்சாலையில் ஒரு கன்டெய்னர் லாரி முழு நீளமும் கடந்து போகும்வரை மூடியே இருந்தது. சும்மா கீழே உதறியிருக்கலாம். வயசாகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். நானும் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

கை திறந்தது. "கொன்னது நான்" என்றார்.

எட்டிப் பார்த்த மாரி சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் விழுங்கினான். "பாய், மெல்ல பேசு. ரோட்டாண்ட ஆளுங்க நிக்கிறாங்க."

"இன்னாத்துக்கு மெல்ல? இதே வேற எவனாவது பண்ணிருந்தா பூந்தமல்லி வரைக்கும் கேக்குற மாதிரி கத்திருப்பேன்ல?" பாய் கொட்டகை வாசலுக்கே வந்து, நெடுஞ்சாலையைப் பார்த்து, நரம்பு புடைக்கக் கத்தினார்: "இன்னாடா இது, பேஸ்ட்டா சட்னியா! எவன்டா அவன் தோசைக்குத் தடவுற மாதிரி தடவுனவன்!"

எதிர்ப்புறம் பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாய்க்கு மூச்சு இரைத்தது. பிறகு பிரபுவிடம் போய், அவன் ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தன் எண்ணெய் விரலால் மேலே தூக்கிவிட்டு, அந்தச் சிவப்பு முத்தைக் காட்டினார்.

"தம்பி, உன் மேல தப்பு இல்ல. உங்க அக்கா முன்னாடியே சொல்றேன்."

கலா டயர்களைப் பார்ப்பதை நிறுத்தினாள். மன்னிப்பெல்லாம் எங்கள் வீடுகளில் வழக்கமில்லை. தம்பி அருகில் போய் நின்று கேட்டாள்:

"காதுகுத்துக்கு வேட்டி எடுத்தியா இல்லையாடா?"

"எப்பவோ எடுத்தாச்சு" என்றான், எங்கோ பார்த்துக்கொண்டு. "அவளுக்குப் பட்டுப்பாவாடையும்."

ஹெல்மெட் இப்போதுதான் கழன்றது.

புது டர்போ வந்தது. மாட்டுவதற்கு முன் பாய் அதன் வாயில் கொஞ்சம் எண்ணெய் ஊற்றி, விரலால் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, "மொதல்ல குடி. அப்பறம் ஓடலாம்" என்றார். குழாயும் புதுசு, போல்ட்டும் புதுசு, இருபுறமும் செம்பு வாஷர் மட்டும். பசை டப்பா அவர் கைக்கெட்டும் இடத்தில்தான் இருந்தது, எடுக்கவில்லை. எஞ்சினை உடனே உறும விடாமல், எண்ணெய் ஏறும்வரை அமைதியாக ஓடவிட்டு, பானெட்டில் கைவைத்து நின்றிருந்தார். ஊளை இல்லை. ஆழமாக மூச்சு இழுக்கும் சத்தம் மட்டும்.

கிளம்பும்போது பின்சுவர்ப் பலகையைப் பார்த்தேன். வரிசையின் கடைசியில் எங்கள் பழைய டர்போ. மண், தாகம், அடி எதுவும் அதில் இல்லை. கோணல்மாணலான சாக்பீஸ் எழுத்தில் "நான்" என்றிருந்தது.

பிரபு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தான். கலாதான் சாவியை அவனிடம் கொடுத்திருந்தாள். பாய் குனிந்து, அவனைத் தாண்டி, அவளைப் பார்த்துச் சொன்னார்:

"அடுத்த தபா வண்டிக்கு இன்னா ஆனாலும் தம்பிய புடிக்காதம்மா. மொதல்ல என்னப் புடி."