மை வராத பேனையும் மச்சாளின் கல்யாண எழுத்தும்

பழைய விளையாட்டுச் சாமானைத் திரும்பக் கையில் எடுக்கும் நாற்பது வயதுக்காரனை வீட்டிலுள்ளவர்கள் கொஞ்ச நாளைக்குக் கண்காணிப்பில் வைத்திருப்பது நல்லது. என்னை யாரும் வைத்திருக்கவில்லை.

அலுமாரியை ஒதுக்கியபோதுதான் அந்தக் கையடக்க கேம் அகப்பட்டது. நான் கல்யாணம் செய்யுமுன் லண்டனிலிருந்து அண்ணை அனுப்பிய கோல்ஃப் விளையாட்டு. (யாழ்ப்பாணத்தில் கோல்ஃப் எங்கே என்று கேட்காதீர்கள். அந்தத் திரையில் தெரியும் புல்லைக் கண்டால் இங்கே மாடு வைத்திருப்பவர்கள் கண்ணீர் விடுவார்கள்.) பேனை மாதிரியான ஒரு பிளாஸ்டிக் குச்சியைத் திரையில் வைத்துக் கீழே இழுத்து, நேராக மேலே தள்ளினால் பந்து பறக்கும். கை கோணினால் குளத்துக்குள் போய்விடும்.

சார்ஜ் ஏற்றினேன். உயிர் வந்தது. கூடவே என் பழைய சாதனைப் புள்ளியும் வந்தது. இப்போது அதன் கிட்டவும் போக முடியவில்லை. வேறு யாரிடமாவது தோற்றிருந்தால் விட்டிருப்பேன். முகப்பருவோடு வேலைவெட்டியில்லாமல் திரிந்த அந்தப் பழைய ‘என்னிடம்’ தோற்பதைத்தான் தாங்க முடியவில்லை. சோறு ஆற ஆற விளையாடினேன்.

அந்த நாட்களில்தான் என் மனைவியின் தங்கை கவிதாவுக்கு நோர்வே மாப்பிள்ளையோடு கல்யாண எழுத்து, அதாவது பதிவுக் கல்யாணம். பண்டத்தரிப்பில் மாமி வீட்டில் நடந்தது. பெண் வீட்டுச் சாட்சி, மூத்த மருமகனான நான். பதிவுகாரர் வரத் தாமதமானதால், பட்டு வேட்டியோடு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒதுங்கினேன். கடைசிக் குழி. ஒரே ஒரு நல்ல அடி விழுந்தால் சாதனை தூள்!

“இஞ்சருங்கோ! எங்கை போய் நிக்கிறியள்? பதிவுகாரர் வந்திட்டார்!” மனைவியின் குரல்.

கேமை அணைக்காமலே சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு ஓடினேன். குச்சி கையிலேயே இருந்தது.

மாப்பிள்ளையின் தகப்பனிடம் மாமி பெருமையடித்துக்கொண்டிருந்தார்: “எங்கடை மருமோன்ரை கையெழுத்தைப் பாருங்கோ, அச்சடிச்ச மாதிரி இருக்கும்.”

பதிவுகாரர் பேனையை நீட்டினார். “என்னட்டை இருக்கு” என்று மிடுக்காக மறுத்துவிட்டு, மேசையில் குனிந்து எழுதினேன். ஒன்றும் விழவில்லை.

“அழுத்திக் கீறுங்கோ,” என்றார் பதிவுகாரர்.

அழுத்தினேன். பள்ளம் விழுந்தது. இன்னும் அழுத்தினேன். கடதாசி கிழிந்தது.

நான் பதறி இன்னும் குனிய, மேசை விளிம்பு சட்டைப்பையை நெருக்கியது. உள்ளேயிருந்து ‘தொபுக்’ என்று ஒரு சத்தம். தொடர்ந்து ஒரு பெருங்கூட்டம் “ஓ…” என்று துக்கம் விசாரித்தது.

“ஐயோ, நல்ல காரியத்திலை கடதாசி கிழிஞ்சிட்டுதே!” மாமிக்கு முகம் வெளிறிவிட்டது. கவிதாவின் கண் கலங்கியது. பதிவுகாரர் குச்சியை வாங்கி, நுனியைத் தடவிப் பார்த்து, “இதென்ன சாமான் தம்பி?” என்றார். மாப்பிள்ளை வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

காலையிலிருந்து வாயே திறக்காத மாப்பிள்ளை அப்போதுதான் மெல்லச் சரிந்து கேட்டார்: “அண்ணை, உது அந்த கோல்ஃப் கேமெல்லே? பந்து குளத்துக்கை போயிட்டுதுபோல.”

முதலில் சிரித்தது கவிதாதான். அழுகையும் சிரிப்புமாக, கண் மை கரைந்து வழியச் சிரித்தாள். அதைப் பார்த்து மாப்பிள்ளையும் சிரிக்க, பதிவுகாரர் பெருமூச்சுடன் புதுப் பக்கம் திருப்பினார். “இந்தமுறை என்ரை பேனை,” என்றார் கண்டிப்பாக.

அன்று பின்னேரமே மாப்பிள்ளை கேமை வாங்கி, முதல் ஆட்டத்திலேயே என் பழைய சாதனையை உடைத்துவிட்டார். எனக்கு வந்தது கோபமா ஆறுதலா என்று இன்னும் தெரியாது.

இப்போது நான் எதில் கையெழுத்து வைக்கப் போனாலும், மாமி பேனையை வாங்கி முதலில் தன் உள்ளங்கையில் ஒரு கோடு கீறிப் பார்ப்பார். போன கிழமை தபால்காரர் முன்னாலும் அதே சடங்குதான். கோட்டை அவருக்கும் காட்டிவிட்டுத்தான் என்னிடம் தந்தார்.

“ம்… இது எழுதுது. வையுங்கோ மருமோன்.”