உஷ் அண்ணாச்சியும் சாளை எண்ணெயும்

தூத்துக்குடியில் கடலையே வாயை மூடச் சொன்ன ஆள் ஒருவர்தான் உண்டு. திரேஸ்புரம் கரையில் ஒரு படகு எஞ்சினைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தவர், அலை வந்து அறைந்ததும் தலையை நிமிர்த்தாமலே "உஷ்" என்றார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அடுத்த அலை கொஞ்சம் மெதுவாகத்தான் வந்தது. நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எங்களுக்கு அவர் உஷ் அண்ணாச்சி. மீன் பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தும் படகில் கால் வைத்தால் அவருக்கு வாந்தி வரும். அதனால் மற்றவர்கள் கடலுக்குப் போக, அவர் கரையில் இருந்து எஞ்சின்களைப் பழுது பார்த்தார். பிறகு வேன், ஆட்டோ, மாவு அரைக்கிற கிரைண்டர் என்று எது முனகினாலும் அவரிடம்தான் போகும்.

அவருடைய வைத்தியத்துக்கு ஒரே சட்டம்: யாரும் பேசக் கூடாது. நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக்கொள்வார். "நோவு இருக்கவன் மெதுவாத்தான் சொல்லுவான். நீங்க கத்துனா அவன் எப்பிடிச் சொல்லுவான்?" என்பார். காக்காய்க்கு உஷ். ஐஸ் வண்டி மணிக்கு உஷ். ஒரு கல்யாண வீட்டில் ஜெனரேட்டர் நின்றுவிட்டது என்று கூப்பிட்டார்கள். வந்தவர் பேண்டு வாத்தியத்தை நிறுத்தினார். சமையல்காரரின் கரண்டியை நிறுத்தினார். பொண்ணும் மாப்பிள்ளையும் மாலையைத் தூக்கிய கையோடு அப்படியே நின்றார்கள். ஓடாத ஜெனரேட்டரில் என்ன சத்தம் கேட்கும் என்று ஊரே வியந்துகொண்டிருக்க, நெடுநேரம் காது கொடுத்துவிட்டு எழுந்து சொன்னார்: "டீசல் இல்ல."

இனி என் வேனுக்கு வருகிறேன். நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். அதில் ஏறுகிற எந்தப் பிள்ளையைவிடவும் வேன் மூத்தது. ஒருநாள் அதன் ஸ்பீடோமீட்டருக்குக் கிறுக்குப் பிடித்தது. நடுரோட்டில் ஆடு படுத்திருக்க, நாங்கள் நின்றுகொண்டிருக்கிறோம். மீட்டர் முள் எண்பதில் நிற்கிறது. பிள்ளைகள் கைதட்டினார்கள். பைபாஸில் வேகம் எடுத்தாலோ, முள் பூஜ்யத்தில் படுத்துத் தூங்கியது. அதோடு போகவில்லை. பிரேக் போட்டு நிற்கிற இடத்திலெல்லாம் எஞ்சினும் பொட்டென்று அணைந்தது. பின்னால் வந்த உப்பு லாரிக்காரர்கள் என் குடும்பத்தையே நலம் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

விஷயம் இதுதான். கியர் பெட்டியின் பக்கவாட்டில் கட்டைவிரல் அளவில் ஒரு சென்சார் இருக்கும். உள்ளே பல்சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று பார்த்து, ஒயர் வழியாக மேலே சொல்லி அனுப்புவது அதன் வேலை. மீட்டருக்கும் அதே செய்திதான், எஞ்சினுக்கும் அதே செய்திதான். செய்தி தப்பாகப் போனால் இரண்டும் சேர்ந்து ஏமாந்துபோகும்.

பிள்ளைகளுக்குச் சிரிப்பு. நான் காலண்டரைப் பார்த்தேன். அடுத்த வியாழக்கிழமை வேனுக்கு எஃப்.சி. வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானதுதானா என்று அதிகாரி வந்து பார்க்கிற நாள். அதில் தவறினால் பிள்ளைகளை ஏற்ற முடியாது. இதற்கிடையில் வேனுக்குள் மீன் நாற்றம் அடிக்கிறது என்று வேறு புகார். பிள்ளைகளை இறக்கிவிட்டு நான் கருவாடு ஏற்றுவதாக ஒரு தாய் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லிவிட்டார். நிர்வாகி கூப்பிட்டு, "எஃப்.சி. கெடைக்கலன்னா நாங்க வேற வேனப் பாத்துக்கிடுவோம்" என்றார்.

சத்தியமாக நான் கருவாடு ஏற்றவில்லை. ஆனால் தினமும் காலையில் வேனுக்கு அடியில் தெருப் பூனைகள் எல்லாம் மாநாடு கூட்டியிருந்தது உண்மை.

"பூனைக்கு நல்ல வண்டி எதுன்னு தெரியும்லா" என்றார் உஷ் அண்ணாச்சி, நான் வேனை அவர் ஷெட்டுக்குக் கொண்டுபோனபோது.

முதலில் மீட்டரைக் கழற்றினார். அதில் குற்றம் இல்லை. பிறகு புது சென்சார் மாட்டினார். தெருவை ஒரு சுற்றுச் சுற்றினோம். முள் நல்ல பிள்ளையாக நடந்துகொண்டது. மறுநாள் பிள்ளைகள் ஏறினார்கள்; முள் நூறுக்குத் தாவியது. ஷெட்டுக்குப் போனால் சாது, பள்ளிக்கூடத்துக்குப் போனால் கிறுக்கு.

"அங்கன கடல்ல ஒரு கப்பலு நிக்குது பாத்தியா? அதுல பெரிய காந்தம் இருக்கு. அதான் முள்ள இழுக்குது" என்றார்.

இரண்டு நாளில் கப்பல் போய்விட்டது. என் மனைவி செல்விக்கு வாய் சும்மா இருக்காது. "கப்பலு போயிட்டு அண்ணாச்சி. காந்தத்த இங்கனயே எறக்கிப் போட்டுட்டுப் போயிட்டாவளோ?"

"உஷ்."

கடைசியில் அவர் பிள்ளைகளோடு வேனில் ஏறினார். "ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது. வண்டி பேசட்டும்."

வேன் நிறைய பிள்ளைகள், மூச்சுச் சத்தம்கூட இல்லை. அடுத்த தெருவுக்குள் நுழைந்ததும் தாய்மார்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். என் வேன் சத்தமில்லாமல் அந்தத் தெருவுக்குள் வந்ததே கிடையாது.

"என்னாச்சு? ஏம் பிள்ளையெல்லாம் பேச்சுமூச்சில்லாம இருக்கு?" என்று ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள். அண்ணாச்சி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அவளுக்கும் ஓர் உஷ் போட்டார்.

அப்போது பார்த்து ஒரு பையனுக்கு விக்கல். அடக்கி அடக்கி அவன் கண்கள் பிதுங்கின. அவன் விக்கியதும், வேன் ஒரு பள்ளத்தில் இறங்கியதும், முள் நூறுக்குத் தாவியதும் ஒரே நொடி.

"விக்குனது யாருல?"

"நாந்தான். தெரியாம வந்துட்டு."

"நீ விக்குலே, நல்லா விக்கு. ஒம்மேல தப்பில்ல. கனம்லா காரணம்" என்று என் பக்கம் திரும்பினார். "பிள்ளைக ஏறுனா வண்டி தாழுது. தாழ்ந்தா ஏதோ ஒயரு எங்கனயோ போய் இடிக்குது. வெறும் வண்டிய ஓட்டி நாம என்னத்தக் கண்டோம்?"

புதன்கிழமை பள்ளி விட்டதும் உப்பளத்தில் இருந்து உப்பு மூட்டைகளை இரவல் வாங்கி வந்து சீட்டு சீட்டாக உட்கார வைத்தோம். மறுநாள் எஃப்.சி. "பிள்ளைகள விட மூட்ட ஒழுக்கமாத்தான் இருக்கு" என்றாள் செல்வி. சொல்லி முடிப்பதற்குள் ஒரு மூட்டை சரிந்து விழுந்தது. அதற்கும் உஷ்.

எஞ்சினை ஓடவிடாமல் சாவியை மட்டும் திருப்பி வைத்துக்கொண்டு நான் சீட்டில் இருந்தேன். அண்ணாச்சி டார்ச்சோடு வேனுக்கு அடியில் மல்லாந்து படுத்து, சென்சாரில் இருந்து வருகிற ஒயரை ஒவ்வொரு இடமாக அசைத்தார்.

"முள்ளு எங்கன நிக்குது?"

"பூஜ்யத்துல."

"இப்ப?"

"பூஜ்யம்தான் அண்ணாச்சி."

"இப்ப?"

"அறுவது. எம்பது. நூறு போவுது."

ஓடாத எஞ்சினோடு, நின்ற இடத்திலேயே, உப்பு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு என் வேன் நூறில் பறந்தது. ஆனால் கீழே இருந்து ஒரு சத்தத்தையும் காணோம். உஷ்கூட இல்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. இறங்கிக் குனிந்து பார்த்தேன். மனிதர் ஒயரைப் பிடித்து முகர்ந்துகொண்டிருந்தார்.

வெளியே வந்து காட்டினார். ஒயரின் மேல்தோலை எலி கடித்துக் குதறியிருந்தது. உள்ளே செம்பு பல்லை இளித்தது. கனம் ஏறும்போதெல்லாம் அந்தச் செம்பு வண்டியின் இரும்பில் உரசியிருக்கிறது.

"ஊருல இல்லாத எலியா? இந்த ஒயருல அப்பிடி என்ன ருசி?" என்று செல்வியும் முகர்ந்தாள். "மீனு வாடைல்லா அடிக்கி."

அண்ணாச்சி தரையைப் பார்த்தார். "சாளை எண்ணெ" என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

மழைக்காலத்துக்கு முன்னால் வேன் அவர் ஷெட்டில் நின்றபோது, உப்புக்காற்றில் ஒயர் அரித்துப்போகக் கூடாது என்று அடியில் இருந்த ஒயருக்கெல்லாம் சாளை மீன் எண்ணெயைப் பூசியிருக்கிறார். அவருடைய அப்பா வள்ளத்துப் பலகைக்குப் பூசுவாராம். பலகையில் உப்பு அண்டாதாம். என்னிடம் சொல்லிக் காட்டாமல், பிரியத்தில் செய்த வேலை. ஆனால் வள்ளம் நிற்பது கடலில். வேன் நிற்பது எங்கள் தெருவில். நாற்றம், பூனை, முள் மூன்றுக்கும் ஒரே நேரத்தில் விடை கிடைத்தது. எண்ணெயை நக்குகிற மும்முரத்தில் பூனைகள் எலியைக் கவனிக்கவில்லை போலிருக்கிறது.

"பந்தி வச்சதும் நீங்கதான். சாப்ட்டுட்டுப் போனது யாருன்னு கப்பல்ல போய்த் தேடுனதும் நீங்கதான்" என்றாள் செல்வி.

"உஷ்" என்றார். அதில் அதட்டல் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது.

இருட்டுவதற்குள் கடிபட்ட ஒயரை வெட்டி எறிந்துவிட்டுப் புது ஒயர் வைத்து, ஈயம் பற்றவைத்து, மேலே பிளாஸ்டிக் குழாயை மாட்டி, இரும்பில் உரசாதபடி தூக்கிக் கட்டினார். மற்ற ஒயர்களை சோப்புத் தண்ணீர் தொட்டுத் துடைத்தார். பூனைகள் தூரத்தில் இருந்து வருத்தத்தோடு பார்த்தன.

மறுநாள் எஃப்.சி.க்கு அண்ணாச்சியும் வந்தார். கனத்துக்காக மூட்டைகளும் வந்தன.

"என்ன இதெல்லாம்?" என்றார் அதிகாரி.

"பிள்ளைக சார்" என்றார் அண்ணாச்சி.

அதிகாரி ஏறி உட்கார்ந்தார். வண்டி கிளம்பியது. "இது எந்த வருசத்து..." என்று அவர் ஆரம்பிக்க, பின்சீட்டில் இருந்து "உஷ்" என்று வந்தது. என்ன மாயமோ, அதிகாரி வாயை மூடிக்கொண்டார். முள் நிதானமாக ஏறியது, நிதானமாக இறங்கியது. நிறுத்தினேன். எஞ்சின் அணையாமல் ஓடிக்கொண்டிருந்தது. "நல்லாத்தான் இருக்கு" என்று அதிகாரி கிசுகிசுத்தார். ஏன் கிசுகிசுத்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

இப்போது அண்ணாச்சி மணப்பாட்டில் மகள் வீட்டில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் போன் வரும். நல்லா இருக்கியா என்ற கேள்வியெல்லாம் கிடையாது. "வண்டிகிட்டக் குடு" என்பார். நான் எஞ்சினை ஓடவிட்டு, குனிந்து கியர் பெட்டிக்குப் பக்கத்தில் போனைப் பிடிப்பேன். வண்டியில் ஒரு குறையும் இல்லை என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

போன வாரமும் அப்படித்தான். நெடுநேரம் ஆகிவிட்டதே என்று போனை எடுத்துக் காதில் வைத்தேன். மணப்பாட்டு அலைச் சத்தமும், அவர் மூச்சு விடுகிற சத்தமும் மட்டும் கேட்டன. எஞ்சினை அணைத்தேன். செல்வி வாசலில் வந்து நின்று என்னவோ கேட்க வாயெடுத்தாள்.

"உஷ்" என்றேன்.