பூசையிலிருந்து எடுக்க முடியாத துவக்கு

கனவு காண்கிறவன் வீட்டில் துவக்கு இருக்கக் கூடாது. சுட்டுவிடுவான் என்ற பயத்தால் அல்ல. அதை எங்கே வைக்கிறோம் என்று யோசிக்க மாட்டான்.

எனக்குப் பழைய போர்க்காலத் துவக்குகள் சேர்க்கும் பைத்தியம். (லைசென்ஸ் இருக்கிறது, விசையில் பூட்டு இருக்கிறது, பதறாதீர்கள்.) அவற்றில் என் செல்லம், இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படைக்காக அமெரிக்காவில் செய்தது. ‘அமெரிக்கச் சொத்து’ என்று பக்கத்தில் முத்திரை வேறு! புலம்பெயர்ந்து வந்து குடியிருக்கும் மல்வேர்ன் வீட்டு ஜன்னலோரம் அதை மடியில் வைத்து எண்ணெய் பூசத் தொடங்கினால், வெளியே பனி கொட்டும், நான் அத்திலாந்திக்கில் கப்பலில் போய்க்கொண்டிருப்பேன். இதைத் தோளில் சுமந்தவன் யாரோ, அவன் வீடு திரும்பினானோ... அடுப்பில் சோறு கருகும்.

அந்த வருடம் ஆயுத பூசைக்கு, “உனக்கு வேண்டின சாமானைச் சாமிக்கு முன்னாலை வை” என்றார் அம்மா. மூளை உள்ளவன் லப்டொப்பை வைத்திருப்பான். நான் துவக்கை வைத்தேன். சந்தனம், குங்குமம், ஒரு செவ்வந்திப் பூ. அடடா, என்ன அழகு! அம்மா கண்ணாடி போடாமலே தீபம் காட்டி முடித்துவிட்டார்.

பின்னேரம் பக்கத்து நகரமான ஒஷாவாவிலிருந்து போன் வந்தது. எனக்குப் பேசியிருந்த பெண்ணின் வீட்டார் இன்றைக்கே வருகிறார்களாம். நிலாவைப் படத்தில் பார்த்த நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. (துவக்கைத் தவிர.) இந்தக் கல்யாணம் குழம்பினால் செத்தேன்.

“அம்மா, துவக்கை எடுக்கிறன்.”

“ஐயோ, உது துவக்கோ!” கண்ணாடியைப் போட்டுப் பார்த்த அம்மா தலையில் கை வைத்தார். ஆனால் அடுத்த நிமிடமே, “விசரே உனக்கு? பூசையிலை வைச்சதை நாளைக்குக் காலமை வரைக்கும் தொடக்கூடாது!”

தொடத்தான் கூடாது, மூடலாம் என்று தீர்ப்பாயிற்று. அம்மாவின் கூறைச் சேலையால் மூடினோம்.

நிலாவோடு வந்த அவள் அப்பா வந்ததும் வராததுமாகக் கும்பிடச் சாமியறைக்குப் போனார். தடுக்கவென்று குறுக்கே பாய்ந்தேன். கால் சேலையில் சிக்கியது. நான் ஒரு பக்கம் விழ, சேலையும் என்னோடு வந்துவிட்டது.

“தம்பி, நாங்கள் ஊரிலை துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். நீர் தேடி வாங்கிப் பொட்டும் வைச்சிருக்கிறீர்!” என்றார் அவர்.

நான் அத்தோடு வாயை மூடியிருக்கலாம். “அங்கிள், இது அமெரிக்காவிலை செய்து, கப்பலிலை பிரிட்டனுக்கு...” என்று தரையில் கிடந்தபடியே கப்பலேறிவிட்டேன்.

“உந்தத் துவக்கை இப்பவே எடும். பிறகு மிச்சம் கதைப்பம்.”

“எடுக்க ஏலாது அண்ணை,” என்றார் அம்மா. “பூசை.”

அவர் சாமிப் படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பக்தியான மனிதர். “ஓம்... தொடக்கூடாதுதான்.”

நிலாதான் குனிந்து முத்திரையை வாசித்தாள்.

“பிறந்தது ஒரு நாடு, போருக்குப் போனது இன்னொரு நாடு, கடைசியிலை மல்வேர்னிலை வந்து சும்மா இருக்கு. அப்பா, சீரியஸா, உதுவும் எங்களை மாதிரி அகதிதானே?”

அவர் துவக்கை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு பாயில் உட்கார்ந்து, “தேத்தண்ணி இருக்கோ?” என்று கேட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கல்யாணம் நடந்து நிலா இந்த வீட்டுக்கு வந்துவிட்டாள். துவக்கு பெட்டிக்குள் போய்விட்டது. ஆனால் மாமா இன்றைக்கும் எங்கள் வாசலில் சப்பாத்தைக் கழற்றாமல் நின்று, அக்கம்பக்கம் கேட்கத்தான் கத்துவார்:

“மருமோன், சாமியறையிலை இண்டைக்கு ஆர் ஆர் இருக்கினம்?”